ஞாயிற்றுக்கிழமைகளில் அமுதவள்ளியின் வீடு

சூளைமேட்டுத் தெருவின் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் முதல் ஆளாய் வந்து நின்று, இன்று இந்த மேடையின் நடு நாற்காலியை நிறைத்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், அண்ணன் ராஜமாணிக்கம் அவர்களே! களிமண்ணை மிதித்த காலும், கனலை அளந்த கண்ணும், முதுகு வளைந்தும் சொல் வளையாத நெஞ்சமும் கொண்ட பெரியோர்களே! காலையில் வீட்டடுப்பு, பகலில் பீங்கான் ஆலைச் சூளை, மாலையில் மறுபடியும் வீட்டடுப்பு என்று வாரம் முழுக்க விடிந்ததிலிருந்து பொழுது அடைவது வரை நெருப்பின் முன்னாலேயே நின்றுவிட்டு, இப்போதுதான் இந்தப் பாயில் காலை நீட்டியிருக்கும் தாய்மார்களே! நீட்டிய காலை மடக்க வேண்டாம் அம்மா, அப்படியே இருங்கள், மேடையில் இருப்பவர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வெளியூர் மக்களுக்கு நம் தெருவைச் சுற்றிக்காட்டி, நடைச் சுற்றுலா என்றால் என்ன என்று நமக்கும் கற்றுக்கொடுத்த வழிகாட்டி, தங்கை மோகனப்பிரியா அவர்களே! திட்டக்குடியிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் உறவுகளே! கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலையோடு கைக்கடிகாரத்தைப் பார்க்கும் சம்பந்திகளே! உங்கள் எல்லோரையும் இரு கரம் கூப்பி, ஒரு மனம் கூட்டி வணங்குகிறேன்.

என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. முகத்தை மறந்தவர்கள் இருக்கலாம். குரலை மறந்தவர்கள் விருத்தாசலத்தில் இருக்க முடியாது. ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, பாலக்கரை தொடங்கி பஸ் நிலையம் வரை, ஆடித் தள்ளுபடியையும் கண்ணீர் அஞ்சலியையும் ஒரே தொண்டையால் அறிவித்துவரும் விருத்தகிரி நான். நான் தெருவுக்குள் நுழைந்தால் தூளியில் தூங்கும் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று நம் தாய்மார்கள் என்னை வாழ்த்துவது எனக்குத் தெரியும்.

இன்று காலை தலைவர் என்னைக் கூப்பிட்டார். "விருத்தகிரி, ரெண்டு வருஷம் நல்லபடியா ஓடுனத பாராட்டிப் பேசுற. மூணாவது வருஷம் ஆரம்பிக்குதுன்னு அறிவிக்கிற. எறங்கிடுற. வேற எதுவும் வேணாம்" என்றார். பாராட்டுகிறேன் அண்ணே. அறிவிக்கிறேன் அண்ணே. ஆனால் இடையில் கொஞ்சம் மனசில் இருப்பதையும் பேசிவிடுகிறேன். நீங்கள் மேசையில் தட்டினாலும் நிறுத்த மாட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பாராட்டை முதலில் வைத்துக்கொள்வோம். பாராட்டத் தகாத தெருவா இது? உலகத்தில் எந்தத் தெருவுக்கு இப்படி ஒரு சுவர் இருக்கிறது? சூளையிலிருந்து வெளியே வரும்போது விரிசல் விட்டதை, கோணிப்போனதை, வண்ணம் ஓடிப்போனதை ஆலையில் ஒதுக்கினார்கள். ஒதுக்கியதை எறிய மனம் வராமல், மடியில் கட்டி வீட்டுக்கு எடுத்துவந்து, ஈரச் சுவரில் பதித்துவைத்தார்கள் இந்தத் தெருவைக் கட்டியவர்கள். பியூஸ் கட்டைகள் வரிசை கட்டிய சுவர் இங்கே உண்டு. கைப்பிடி இல்லாத கோப்பைகள் மொய்த்த சுவர் இங்கே உண்டு. மூக்குடைந்த முருகனும் காது போன யானையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் சுவர் இங்கே உண்டு.

என்ன சாமிதுரை அண்ணே? சத்தமாகச் சொல்லுங்கள். "எங்க வூட்டுச் சுவத்துல வாஷ்பேசினே இருக்குது" என்கிறார். இருக்கிறது, ஐயா, இருக்கிறது! யார் இல்லை என்றார்கள்? உங்கள் வாஷ்பேசினில் கோழி முட்டையிட்டதைப் படம் பிடிக்கத்தான் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பமே இரண்டாம் முறை வந்தது. உட்காருங்கள்.

இந்தச் சுவர்களை நாம் பார்த்ததே கிடையாது. பிறந்ததிலிருந்து கண்ணெதிரே இருந்ததால் பார்க்கத் தோன்றவில்லை. நம் தெருப் பெண், சென்னையில் படித்துவிட்டுத் திரும்பிய மோகனப்பிரியாதான் பார்த்தாள். பார்த்துவிட்டு, இதே இடத்தில், இதே வேப்பமரத்தடியில் நம்மைக் கூட்டிவைத்துச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம காலையில வெளியூருக்காரங்கள நடத்தியே கூட்டிக்கிட்டு வரேங்க. தெருமுனையில ஆரம்பிச்சி கடைசி வூடு வரைக்கும் போவோம். சுவத்த பாப்பாங்க, கேள்வி கேப்பாங்க, போயிடுவாங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது." அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் போட்ட கணக்கில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று. அது நாம்!

முதல் ஞாயிறு நினைவிருக்கிறதா? வந்தவர்கள் தலைவர் வீட்டு வாசலில் நின்று, அண்ணாந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோளில் துண்டோடு உள்ளேயிருந்து வந்தார் தலைவர். "ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றார். மோகனப்பிரியா, "இல்லண்ணே, சுவத்த பாத்துட்டு போயிடுவாங்க" என்றாள். வந்ததே கோபம் அண்ணனுக்கு! "சுவத்த பாத்துட்டு போறதுக்கு இவங்க என்னா கொத்தனாரா? வாசல்ல நின்ன மனுஷனுக்கு ஒரு வாய் டீ குடுக்காம அனுப்புனா நாளைக்கு ஊரு என்னா பேசும்?" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு டீயில் ஆரம்பித்தது எல்லாம்.

முதல் வீட்டில் டீ கொடுத்த பிறகு இரண்டாம் வீடு சும்மா இருக்குமா? ரவா லாடு வந்தது. இரண்டாம் வீட்டில் லாடு கொடுத்த பிறகு மூன்றாம் வீடு முகத்தை எங்கே வைத்துக்கொள்ளும்? கேழ்வரகு அடை வந்தது. அடுத்த வாரம் கொழுக்கட்டை, அதற்கடுத்த வாரம் பனங்கிழங்கு, தீபாவளிக்கு முந்திய வாரம் அதிரசம். சர்க்கரை நோய் என்று கையெடுத்துக் கும்பிட்ட பெரியவருக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாக ஒரு டீ. பத்தியம் என்ற அம்மாவுக்குச் சீரகத் தண்ணீர். முற்பகலில் முடிய வேண்டிய நடை, பிற்பகலிலும் முடியவில்லை. நடக்க வந்தவர்கள் நடக்க முடியாமல் வேனில் ஏறினார்கள். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மோகனப்பிரியா கெஞ்சினாள். "வேணாங்க, அவங்க டீக்கு வரலிங்க, சுவத்த பாக்க வராங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். நாம் கேட்டோமா? படித்த பெண் சிக்கனம் பேசுகிறாள் என்று செல்லமாகக் கடிந்துகொண்டோம். வாசலில் வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத தெரு இது. அதைத் தவறு என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்ல மாட்டேன். சொல்ல வரவில்லை.

கேட்கிறேன், கேட்க மட்டும் செய்கிறேன். டீயை நீட்டிய கை யாருடையது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்ற நம்முடையது. அந்த டீயைக் கொதிக்கவைத்த கை யாருடையது? சனிக்கிழமை ஆலை விட்டு வந்து, ஈரப் புடவை காயும் முன்பே ஞாயிற்றுக்கிழமைக்கு மாவு அரைத்த கை யாருடையது? வந்தவர்கள் போன பிறகு தம்ளர்களை அள்ளிக்கொண்டு குழாயடியில் குந்திய முதுகு யாருடையது? நமக்குப் பெயர் கிடைத்தது. இதோ, மேடையில் கேடயம் கிடைத்திருக்கிறது. அவர்களுக்கு வாரத்தில் இருந்தது ஒரே ஒரு விடுமுறை. அதை நாம் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டது நமக்கே தெரியவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல்!

அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று நான் பேச வேண்டும். நம் தெருவின் கடைசி வீடு. அமுதவள்ளி அக்கா. வெளியூர் உறவுகளுக்காகச் சொல்கிறேன்: கணவரை இழந்தவர், மகளைக் கட்டிக்கொடுத்தவர், தனியாக இருந்தவர். ஆலையில் பொருளைப் பளபளப்புக் கரைசலில் முக்கியெடுக்கும் வேலை. வாரம் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை அது. ஞாயிறு ஒருநாள்தான் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, முடியை விரித்துப் போட்டு, பாயில் விழுந்து மத்தியானம் வரை தூங்குவார். அக்காவின் ஞாயிற்றுத் தூக்கம் தெருவுக்கே தெரியும். பண்டிகைப் பட்டாசுக்குக்கூட எழாத தூக்கம்!

நடை தொடங்கிய பின் அந்தத் தூக்கம் போயிற்று. எண்ணெய்த் தலையோடு ஓடிவந்து எல்லோருக்கும் டீ கொடுத்தார். கொடியில் காய்ந்த துணியை யாரோ படம் பிடித்தபோதும் சிரித்துக்கொண்டே கொடுத்தார். முணுமுணுத்தவர் இல்லை, முகம் சுளித்தவர் இல்லை. சில மாதங்கள் அப்படி ஓடின. பிறகு ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. அடுத்த ஞாயிறும் பூட்டு. அதற்கடுத்த ஞாயிறும் பூட்டு.

நாம் என்ன பேசினோம்? "எங்க போயிடுது இந்தம்மா? வெளியூருக்காரங்க வர்ற நேரம் பாத்து வூட்ட பூட்டிக்கிட்டு கெளம்பிடுது. தெருவுக்கே அசிங்கம்" என்று பேசினோம். பேசியவர்கள் யார் என்று நான் சொல்ல மாட்டேன். குனிந்திருக்கும் தலைகளை நான் எண்ணவும் மாட்டேன்.

அத்தோடு விட்டோமா? அன்பான தெருவாயிற்றே, விடுவோமா? ஒரு யோசனை பிறந்தது. பாவம், அக்காவுக்கு ஏதோ வேலை இருக்கிறது, வந்தவர்களைக் கவனிக்க முடியவில்லை என்று ஊர் குறை பேசக் கூடாதே, அவர் மானத்தை நாம் காப்பாற்றுவோம் என்று கூடிப் பேசினோம். அடுத்த வீட்டு வீராயி அக்காவைத் தூது அனுப்பினோம். "சாவிய மட்டும் குடுத்துட்டுப் போ புள்ள. நீ இல்லன்னாலும் ஒன் வூட்டுல ஒன் சார்பா நாங்க டீ போட்டுக் குடுத்துடுறோம். ஒனக்கு ஒரு கொறையும் வராது" என்று வீராயி அக்கா கேட்டார். அமுதவள்ளி அக்கா இடுப்பிலிருந்த இரண்டு சாவிகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள், என் பாசத்துக்குரிய பெரியோர்களே! வெறுப்பவன் பூட்டை உடைப்பான். நாமோ சாவியைக் கேட்டு வாங்கினோம். அவர் வீட்டைத் திறந்தோம், அவர் அடுப்பைப் பற்றவைத்தோம், அவர் பாயில் அந்நியரை உட்கார வைத்தோம், அவர் பெயரைக் காப்பாற்றிவிட்டதாக நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். இப்படி ஒரு தவறைச் செய்ய நம் தெருவால் மட்டும்தான் முடியும். இவ்வளவு அன்பு வேறு எந்தத் தெருவில் இருக்கிறது?

மாசி மகத் திருவிழா நடந்த வாரம். ஊரே மணிமுத்தாற்றங்கரையில். அன்று ஞாயிறு. வெளியே போன அமுதவள்ளி அக்கா வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் திரும்பிவிட்டார். டவுன் பஸ்களையெல்லாம் திருவிழாவுக்குத் திருப்பிவிட்டார்கள் என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. தன் வீட்டு வாசலுக்கு வந்தார். வாசல் நிறையச் செருப்பு. கதவு திறந்திருக்கிறது. உள்ளே கூட்டம். வீராயி அக்கா சமையற்கட்டில். மோகனப்பிரியா முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் தயங்கி நின்றவரைச் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா பார்த்தார். அவரும் நல்ல அம்மாதான். எழுந்து வந்தார்.

"வாங்கம்மா, லேட்டா வந்துட்டீங்களா? பரவால்ல, உள்ள வாங்க. செருப்ப அங்க விட்டுடுங்க. இந்தாங்க, டீ எடுத்துக்கோங்க" என்றார்.

தன் வீட்டுக்குள் நுழையத் தன்னை அழைக்கிறார்கள். தன் தம்ளரில் தனக்கு டீ தருகிறார்கள். அமுதவள்ளி அக்கா என்ன செய்தார்? சண்டை போட்டாரா? இது என் வீடு என்றாரா? செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்தார். உள்ளே போய், ஓரமாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தார். டீயைக் குடித்தார். அப்போது மோகனப்பிரியா சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: "இந்த வூட்டம்மா வேலையா வெளிய போயிருக்காங்க. ஆனா பாருங்க, முன்ன பின்ன தெரியாத நம்மள நம்பி வூட்டுச் சாவியையே குடுத்துட்டு போயிருக்காங்க. இதுதாங்க இந்தத் தெரு." கேட்டவர்கள் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார்கள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று அமுதவள்ளி அக்காவும் கைதட்டினார்.

தட்டிவிட்டு எழுந்தார். தம்ளரைக் கழுவினார். எங்கே கவிழ்க்க வேண்டுமோ அங்கே சரியாகக் கவிழ்த்தார். "எவ்ளோ நல்ல பழக்கம் பாருங்க, அவங்களே கழுவி வைக்கிறாங்க" என்று அந்தச் சென்னை அம்மா மெச்சினார். அப்போதுதான் மோகனப்பிரியா திரும்பினாள். பார்த்தாள். பேச்சு நின்றுபோயிற்று. அமுதவள்ளி அக்கா, நீ சொல்லு, நீ சொல்லு என்பது போல் கையைக் காட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இதை என்னிடம் சொன்ன அன்று மோகனப்பிரியா அழுத அழுகையை நான் பார்த்தேன். அழாதே தங்கச்சி. இன்றைக்கும் அழாதே. முதலில் வேண்டாம் என்று சொன்னவளே நீதான்.

பங்குனி பிறப்பதற்குள் அக்கா தெருவை விட்டுப் போய்விட்டார். சண்டை இல்லை, சாடைப் பேச்சு இல்லை, ஒரு வார்த்தை இல்லை. திட்டக்குடியில் ஒரு சின்ன வாடகை வீடு பார்த்துக்கொண்டார். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் ஆலைக்கு வந்து போகிறார். சொந்த வீட்டை இங்கே வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் குடியிருக்கிறார். கடைசி வரை சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. நாமும் கொடுக்கவில்லை.

இந்த விழாவுக்கு அழைப்பிதழ் கொடுக்க அக்காவைத் தேடிப் போனவன் நான். வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் கேட்டேன்.

"யக்கா, ஏன்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

"என்னான்னு தம்பி சொல்றது? வாசல்ல வந்து நிக்கிறவங்கள வராதீங்கன்னா? நம்ம தெருவுல எந்த வூட்டுலயாவது அந்த வார்த்த வந்திருக்குதா?"

"ஞாயித்துக்கெழமையில எங்கக்கா போவீங்க?"

"எங்கயும் போவல தம்பி. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுல ஏறி ஜன்னலோரம் ஒக்காந்துக்குவேன். பொம்பளைங்களுக்கு காசு கெடையாது பாரு. ஏறுனதுமே தூங்கிடுவேன். ஸ்ரீமுஷ்ணம் போயி எறங்காமயே திரும்பிடுவேன். விருத்தாசலம் வந்து மறுபடியும் ஏறுவேன். கண்டக்டரு நல்ல மனுஷன், எழுப்ப மாட்டாரு."

கேட்டீர்களா தாய்மார்களே? சொந்த வீட்டில் படுக்க இடமில்லாமல், ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் தலையை முட்டுக்கொடுத்துத் தூங்கியிருக்கிறார் நம் அக்கா. வீட்டுக்குள் பாய் விரித்துக் கிடந்தது. அதில் உட்கார்ந்து நாம் விருந்தோம்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்!

"சாவிய ஏன்க்கா குடுத்தீங்க?" என்றேன்.

"வாய் தொறந்து கேட்டுட்டீங்களே தம்பி. கேட்டப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது?"

"வந்துடுங்கக்கா. இனிமே அப்படி நடக்காது. நாங்கல்லாம் ஒங்கள நல்லா பாத்துக்குறோம்" என்றேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பாத்துப்பீங்க தம்பி. நல்லாவே பாத்துப்பீங்க. அதான் பயமா இருக்குது" என்றார்.

எழுந்தேன். "போயிட்டு வரேங்க்கா" என்றேன். "போயிட்டு வா தம்பி" என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. நம் தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். நம் தெருக்காரர் ஒருவர் வீட்டு வாசலிலிருந்து வெறும் வாயோடு திரும்பியது அன்றுதான் முதல்முறை. முதலில் சுருக்கென்றது. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு சந்தோஷமாக இருந்தது. அக்கா ஓய்வெடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அதைக் கற்றுக்கொள்ள அவர் நம்மைவிட்டு அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்ததே என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

சாமிதுரை அண்ணே, என்ன? "அப்ப இனிமே யாருக்கும் ஒண்ணும் குடுக்கக் கூடாதா?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள். நீங்களே பால் வாங்கி, நீங்களே டீ போட்டு, நீங்களே தம்ளர் கழுவிக் கொடுங்கள். பாயில் கைதட்டல் பலமாக இருக்கிறதே! சிரிக்காதீர்கள் அண்ணே, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்பார்ந்த பொதுமக்களே! இந்த இரண்டு சொற்களை எத்தனையோ கடைகளுக்காகக் கத்தியிருக்கிறேன். இன்று நமக்காகக் கத்துகிறேன். மூன்றாம் ஆண்டு நடைச் சுற்றுலா தொடங்குகிறது! வருகிறவர்கள் வரட்டும், சுவரைப் பார்க்கட்டும், வாய் பிளக்கட்டும்! திறந்திருக்கும் கதவு அழைத்தால் உள்ளே போகட்டும்! ஆனால் சாத்தியிருக்கும் கதவின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்கக் கூடாது. எங்கே போனார்கள் என்று பேசக் கூடாது. உள்ளே ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்கலாம். தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருக்கலாம். அழுதுகொண்டிருக்கலாம். சும்மா இருக்கலாம். சும்மா இருக்க ஒரு மனுஷிக்கு உரிமை இல்லையா? இருபது வீட்டுச் சுவரை ஊருக்குத் திறந்துவைத்த தெரு, ஒரு வீட்டுக் கதவை அந்த வீட்டுக்காரிக்கு விட்டுக்கொடுக்கக் கூடாதா? வராதே என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை, சரி. வேண்டாம் என்று சொல்ல முடியாத வாயைப் பார்த்தாவது புரிந்துகொள்ளும் கண் நமக்கு வர வேண்டாமா?

தலைவர் அவர்களே, ஒரு வேண்டுகோள். அமுதவள்ளி அக்கா வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறது. வீராயி அக்கா இன்று மதியம் நடை வேலை முடித்து உங்களிடம் கொடுத்ததை நான் பார்த்தேன். அதை என்னிடம் தாருங்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் திட்டக்குடி போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

தருகிறார். சட்டைப்பையில் கைவிட்டு எடுத்துத் தருகிறார் நம் அண்ணன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அண்ணே, அந்த முதல் டீயை நீங்கள் மனசாரக் கொடுத்தீர்கள். அதை நான் எங்கும் சொல்வேன்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு மகிழ்ச்சி என்று சொல்லிவிட முடியவில்லை. சாவி போகும். அக்கா வருவாரா என்றால், வர மாட்டார் என்றுதான் என் மனது சொல்கிறது. போன ஞாயிறுகளைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடையில் வாங்குவது? காலம் கடந்துவிட்டது. வருத்தப்படுகிறேன், உங்கள் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு வருத்தப்படுகிறேன்.

அடுத்து விழாக் குழுவின் சார்பில், சிறந்த உபசரிப்புக்கான பொன்னாடை நம் வீராயி அக்காவுக்கு என்று இந்தச் சீட்டில் எழுதியிருக்கிறது. தகுதியான கை. அமுதவள்ளி அக்கா சாவி கொடுத்த நாளிலிருந்து தன் வீட்டு அடுப்பு ஒன்று, பூட்டிய வீட்டு அடுப்பு ஒன்று என இரண்டையும் ஊதிக்கொண்டிருப்பவர் அவர்தான். இன்று காலையும் ஊதினார். ஆனால் வீராயி அக்காவைக் கூட்டத்தில் காணோம். பாயில் இருக்கிறாரா? இல்லை. வீட்டில்தான் இருக்கிறார். அதோ, மேடைக்கு நேர் எதிரே அவர் வீடு. கதவு சாத்தியிருக்கிறது. விளக்கு அணைந்திருக்கிறது. "செத்த படுத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள்.

யார் அது, வாசலில்? பொன்னாடைக்குக் கூப்பிடப் போகிறீர்களா? தம்பி, நில்லுங்கள். கையை இறக்குங்கள். கதவைத் தட்டாதீர்கள்.

ஆகவே உரையை முடித்துக்கொள்கிறேன். தலைமை ஏற்ற அண்ணனுக்கும், நெஞ்சில் குத்தினாலும் பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், மோகனப்பிரியாவுக்கும், காலை நீட்டியபடியே இருந்த தாய்மார்களுக்கும் என் நன்றி. நாற்காலிகளை இழுக்காமல் தூக்கி மடியுங்கள். குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒலிபெருக்கியின் வாய் வீராயி அக்கா வீட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. பிழைப்புக்கு இதைப் பிடித்த நாளிலிருந்து நானாக இதை அணைத்ததில்லை. இப்போது அணைக்கிறேன்.

கேட்கிறதா? இவ்வளவு சத்தம் போதும். எல்லோருக்கும் வணக்கம். மெதுவாகப் போய் வாருங்கள்.